மீந்தால்தானே வீணாகும்

2018 முதல் ஒவ்வொரு செப்டம்பரும் ‘தேசிய ஊட்டச்சத்து மாதம்’. அங்கன்வாடி வாசலில் பருப்பாலும் காய்கறியாலும் கோலம் போடுவார்கள். கேரட்டைச் சீவி பூவாக்கி வைப்பார்கள். பிறகு கூட்டம் நடக்கும். வந்திருக்கும் தாய்மார்களுக்கு மூன்று அறிவுரைகள் சொல்லப்படும். அந்தந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் காயை வாங்குங்கள். வீட்டிலேயே எளிமையாகச் சமையுங்கள். மீந்ததை வீணாக்காதீர்கள்.

மூன்றும் நல்ல அறிவுரைகள்தான். இவற்றில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஆதிதிராவிடர் குடியிருப்புகளிலும் இருளர் குடியிருப்புகளிலும் இவற்றைச் சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு ஆயா வாய்விட்டே கேட்டுவிட்டார்: “மீந்தாத்தானேம்மா வீணாவும்?” எல்லோரும் சிரித்தார்கள். சமூகவியல் முதுகலையில் இரண்டு வருடம் படித்ததை அந்த ஒரு வரி சொல்லிவிட்டது.

எளிய சமையலை இந்தப் பெண்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அது அவர்களுடைய அறிவு. பானைக்குள் என்ன வருகிறது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்காமல், பானையை எப்படிச் சிக்கனமாக நடத்துவது என்று மட்டும் பேசினால் என்ன ஆகும்? பசிக்கு ஏரியும் சாதியும் காரணமில்லை, அந்தப் பெண்ணின் அறியாமைதான் காரணம் என்று ஆகிவிடும். என் சண்டை அதோடுதான்.

ஏற்கெனவே தெரிந்த சமையல்

முதலில் அந்த அறிவைப் பதிவு செய்துவிடுகிறேன். நம் வீட்டுச் சமையலை நாம் எழுதாவிட்டால் வேறு யாரோ வந்து ‘பாரம்பரிய உணவு’ என்று பெயர் மாற்றி எழுதுவார்கள்.

தை மாதத்தில் மொச்சையும் அவரையும் பரங்கிக்காயும் மலிவு. பனங்கிழங்கு வரும். பச்சை மொச்சையோடு கத்தரிக்காயும் நாலு துண்டு கருவாடும் போட்டுக் குழம்பு வைத்தால் ஒரு வீடு இரண்டு வேளை சாப்பிடலாம். கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, மண்ணும் அதிக உப்பும் போக இரண்டு மூன்று முறை கழுவி, கடைசியில்தான் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் கரைந்துவிடும்.

சித்திரையில் மாங்காய். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சந்தையில் மீன் குறையும், விலை ஏறும். அந்த நாட்களில் கருவாடும் மாங்காயும்தான் கை கொடுக்கும். மாங்காய் போட்டால் புளி பாதி போதும். பலாக்கொட்டை கிடைத்தால் அதையும் தட்டிப் போடுவார்கள். குழம்பு கெட்டிப்படும், வயிறும் நிறையும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சந்தைக் காய் விலை எட்டாது. அப்போது கீரைதான் காய். விதைக்காமல் வருகிற குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, தரைப்பசலை, மூக்கிரட்டை எல்லாம் கலந்து கடைவார்கள். வேலியோர முருங்கையில் ஒரு கொத்து ஒடித்துவந்து சென்னாக்குன்னியோடு வதக்குவார்கள். வெறும் சட்டியில் சென்னாக்குன்னியை வாசம் வரும்வரை வறுத்து, தண்ணீரில் அலசி மண்ணை நீக்கி, வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தாளித்து, கீரையைப் போட்டுப் பிரட்டினால் முடிந்தது. கால் மணி நேர வேலை. ஊட்டச்சத்துக் கூட்டத்தில் சொல்லும் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, புரதம் மூன்றும் அந்த ஒரு சட்டியிலேயே இருக்கிறது.

மீந்தது என்றால் மீன் குழம்பும் சோறும்தான். மண்சட்டியில் வைத்த குழம்பு மறுநாள்தான் ருசி. புளியும் உப்பும் மிளகாயும் மீனில் இறங்க ஒரு இரவு வேண்டும். காலையில் கொதிக்கவைத்துச் சுண்டவைத்து, கடைசியில் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிரட்டிப் பிள்ளைகளுக்கு உருண்டை பிடித்துக் கொடுப்பார்கள். இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் பழையது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சுட்ட கருவாடு ஏதாவது ஒன்று போதும். அதற்கும் மேல் சோறு மீந்தால் மிளகாயும் சீரகமும் உப்பும் சேர்த்து அரைத்து, வெயிலில் கிள்ளிவைத்தால் சோற்று வடகம். பரங்கித் தோலும் பீர்க்கந்தோலும் துவையலாகும். கீரைத்தண்டு குழம்புக்குப் போகும்.

இதில் எதைக் குப்பையில் போட்டார்கள்? இந்த வீடுகளுக்குத்தான் வீணாக்காதே என்று வகுப்பு எடுக்கிறோம்.

இரண்டு வகை மிச்சம்

மிச்சம் என்ற சொல்லுக்கு நம் வரலாற்றில் இரண்டு பொருள் உண்டு. நம் பானையில் நாம் சமைத்து மீந்தது ஒன்று. அடுத்தவர் தின்று மீந்து நமக்கு வந்தது இன்னொன்று. முதலாவது பழையது. இரண்டாவது எச்சில். இரண்டையும் ஒரே கூடையில் போட்டு ‘உணவை வீணாக்காமை’ என்று பேசுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது. தெரிய வேண்டிய தேவை அவர்களுக்கு வந்ததில்லை.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அதில் பாட்டி நாயக்கர் வீட்டில் வேலை செய்வார். அந்த வீட்டுப் பெண் மீந்த சோற்றையும் குழம்பையும் பாட்டியின் பாத்திரத்தில் தொடாமல், எட்ட நின்று கொட்டுவார். பேத்திக்குக் கோபம் வரும். பாட்டிக்கோ அதுதான் அன்றைய சாப்பாடு.

ஓம்பிரகாஷ் வால்மீகி 1997இல் எழுதிய இந்தித் தன்வரலாற்றின் பெயரே ‘ஜூட்டன்’, அதாவது எச்சில். கல்யாண வீடுகளில் சாப்பிட்டு எறிந்த இலைகளிலிருந்து பூரித் துண்டுகளைப் பொறுக்கி, வெயிலில் காயவைத்து, மழைக்காலத்துக்கென்று எடுத்துவைத்ததை அவர் எழுதியிருக்கிறார். நம் வீட்டிலும் சோற்றை வெயிலில் காயவைக்கிறோம். வெயில் ஒன்றுதான், காயவைக்கும் முறையும் ஒன்றுதான். ஆனால் ஒன்று தன் அடுப்பிலிருந்து வந்தது, மற்றது அடுத்தவர் இலையிலிருந்து வந்தது. ஒரு கல்யாணத்தில் அவமானப்படுத்தப்பட்ட வால்மீகியின் தாய், கூடையில் இருந்த எச்சிலை அங்கேயே கொட்டிவிட்டு வந்தார். அன்றோடு அந்த வீட்டில் அந்த வழக்கம் நின்றது.

அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் பேசியபோது தண்ணீர் உரிமையைப் பற்றி மட்டும் பேசவில்லை. தூக்கிப்போடும் மிச்சத்தைத் தின்பதை விட்டுவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். 1936இல் வெளியான ‘சாதி ஒழிப்பு’ நூலில் ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாரா கிராமத்தைப் பற்றிச் சொல்கிறார். யாத்திரை போய்வந்த ஒரு தீண்டப்படாதவர் தன் சாதியாருக்கு விருந்து வைத்தார். பதார்த்தங்களில் நெய் இருந்தது. சாதி இந்துக்கள் தடிகளோடு வந்து சாப்பாட்டைப் பாழாக்கி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அடித்து விரட்டினார்கள். நெய்யைச் சமைத்தவர் தீண்டப்படாதவர், தின்றவர்களும் தீண்டப்படாதவர்கள். சாதி இந்துக்கள் வாயில் ஒரு பருக்கைகூடப் போகவில்லை. பிறகு என்ன குற்றம்? எச்சில் தின்ன வேண்டியவன் தன் வீட்டில் நெய் ஊற்றிச் சமைத்தான் என்பதே குற்றம்.

ஆகவே தன் அடுப்பில், தன் காசில், தன் விருப்பப்படி சமைத்து, மீந்ததைத் தானே மறுநாள் சாப்பிடுவது நமக்குச் சாதாரண விஷயம் அல்ல. அந்த இடத்துக்கு வந்து சேரப் பல தலைமுறைகள் ஆயிற்று.

இன்றும் கல்யாண மண்டபத்தில் அண்டா நிறைய மீந்துவிட்டால் “காலனிக்குக் கொடுத்தனுப்பு” என்று சொல்வது நடக்கிறது. புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள். பசித்து வாங்கிச் சாப்பிடுகிறவரை நான் ஒரு சொல் குறை சொல்லமாட்டேன். உணவு குப்பைக்குப் போவது நல்லதல்ல என்பதும் உண்மை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மிச்சம் எப்போதும் ஊரிலிருந்து சேரிக்குத்தான் போகிறது. சேரிக் கல்யாணத்தில் மீந்த பிரியாணியை ஊருக்குக் கொடுத்தனுப்பியதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கொடுக்க மனமிருந்தால் முதல் பந்தியில் உட்காரக் கூப்பிடுங்கள்.

பானையை நிரப்புவது எது?

இப்போது ஏரிக்கு வருகிறேன். இங்கே சமையலை முடிவு செய்வது சந்தை மட்டுமல்ல, ஏரியும்தான்.

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்ற முறை இருக்கிறது. முகத்துவாரத்துக்கு அருகே இறால் அதிகம் வரும் நல்ல இடங்களில் கம்பு நட்டு வலை கட்ட, யார் யாருக்கு எந்த நாள் என்று குலுக்கிப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். கோட்டைக்குப்பம், நடூர் மாதாக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் தலைக்கட்டுகளுக்கு அந்த உரிமை. வெளிநாட்டு ஆய்வாளர்கள் பலர் வந்து இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பொது வளத்தைச் சண்டையில்லாமல் பங்கிட்டு, அளவுக்கு மீறிப் பிடிக்காமல் காப்பாற்றும் முறை என்று பாராட்டவும் செய்திருக்கிறார்கள். அதில் உண்மை உண்டு. குலுக்கலுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு அது நியாயமான முறைதான். ஆனால் குலுக்குச் சீட்டில் யார் பெயர் இருக்கும் என்பதைப் பிறப்பு முடிவு செய்கிறது. ஆதிதிராவிடர் பெயரும் இருளர் பெயரும் அதில் இல்லை. உள்ளே சமத்துவம், வாசலில் சாதி.

1980களிலும் 90களிலும் இறால் ஏற்றுமதிப் பொருளாகி விலை ஏறியபோது அந்த வாசலின் மதிப்பும் ஏறியது. விவசாயக் கூலி வேலை குறைந்து ஏரிக்கு வந்த தலித் மக்களுக்குக் கிடைத்தது மீன் குறைவான இடங்களும் சிறு வலைகளும். இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் தவழ்ந்து, சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் இருந்து வருகிற இறாலில் பெரியது வியாபாரிக்கு. பொடி இறால் வீட்டுக்கு. அதுவும் கடனும் அரிசியும் போக வேண்டிய நாளில் வீட்டுக்கு வராது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பட்டினவர் மக்கள் நமக்கு எதிரிகள் அல்ல. அவர்களும் அரசுப் பட்டியலில் மிகவும் பிற்படுத்தப்பட்டவர்கள். முகத்துவாரம் மணலால் மூடிக்கொள்வதும், எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையங்களும், காட்டுப்பள்ளித் துறைமுகமும் அவர்களுடைய வலையையும்தான் அச்சுறுத்துகின்றன. அந்தப் போராட்டங்களில் நாமும் நிற்கிறோம், நிற்போம். ஆனால் துறைமுகத்துக்கு எதிராக ‘ஏரி எல்லோருக்கும்’ என்று சேர்ந்து முழங்கிவிட்டு, வீட்டுக்குத் திரும்பியதும் ஏரி சிலருக்கு என்றால் அந்த முழக்கம் பாதி உண்மைதான்.

ஏரி மட்டுமல்ல. ரேஷனில் 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அந்த அரிசி இல்லாவிட்டால் பழையது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ரேஷனில் காய் வராது. வீட்டிலேயே தோட்டம் போடுங்கள் என்பார்கள். ஏரிக்கரை மண் உப்பு, கிணற்றுத் தண்ணீரும் பல இடங்களில் உப்பு. குடிக்கவே குடம் வைத்து வரிசையில் நிற்கும் வீட்டில் கத்தரிச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? பட்டா இல்லாத மனையில் முருங்கை நட்டால், நாளைக்கு அது யாருடைய மரம்?

வீட்டுக்குள்ளும் ஒரு கேள்வி இருக்கிறது. நாம் அதைப் பேசத் தயங்குகிறோம். மீந்ததை யார் சாப்பிடுகிறார்? ஆண்களும் பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடுவது அம்மா. மீன் தீர்ந்திருக்கும், குழம்பு மட்டும் இருக்கும். குழம்பும் தீர்ந்த நாளில் நீராகாரம். எளிமையான சமையல் என்று நாம் கொண்டாடுவது பல வீடுகளில் ஒரு பெண்ணின் அரை வயிற்றில் நடக்கிறது. ஊர் நம்மைக் கடைசியாக வைத்ததை எதிர்க்கிற நாம், நம் வீட்டில் அவளைக் கடைசியாக வைப்பதை எப்படி நியாயப்படுத்துவோம்? சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் வழக்கத்தை நம் வீடுகளில் தொடங்க அரசாணை தேவையில்லை.

நட்சத்திர ஓட்டலில் பழையது

பழைய சோற்றுக்கு இப்போது நல்ல காலம். மண்கலயத்தில் ஊற்றி, பக்கத்தில் நாலு வகைத் தொட்டுக்கையோடு ஓட்டல்களில் விற்கிறார்கள். குடலுக்கு நல்லது என்று மருத்துவர்கள் ஆய்வு செய்கிறார்கள். நல்லது, செய்யட்டும். ஆனால் அதே பழையதையும் கருவாட்டையும் டிபன் டப்பாவில் கொண்டுபோன சேரிப் பிள்ளை வகுப்பில் மூக்கைப் பொத்தும் கைகளைப் பார்த்துத்தான் வளர்ந்தது. மராட்டியத்தில் ஷாஹு பட்டோலே தலித் வீடுகளின் சமையலைத் தொகுத்து 2015இல் ஒரு நூலே எழுதினார். எண்ணெயும் மசாலாவும் குறைவாக இருந்த அந்த அடுப்புகளின் அறிவு அதுவரை எந்தச் சமையல் புத்தகத்திலும் இடம்பெறவில்லை என்பதுதான் அவர் எழுதக் காரணம். தமிழில் நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

சமையலை ரசிப்பவர்கள் சமைக்கும் கையை ஏற்கிறார்களா? 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று சாதி இந்துக்கள் தகராறு செய்தார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25இல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. மிக நல்ல திட்டம். விரிந்த சில நாட்களிலேயே கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் பட்டியல் சாதிப் பெண் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று பெற்றோர் தடுத்த செய்திகள் வந்தன. உப்புமாவில் என்ன சத்துக் குறைவு கண்டார்கள்?

வேண்டுவது

செப்டம்பர் கூட்டங்களை நிறுத்தச் சொல்லவில்லை. திருப்பிப் போடச் சொல்கிறேன்.

ஒன்று, அந்தக் கூட்டங்களில் பேசும் இடத்தில் ஏரிக்கரைப் பெண்களை உட்காரவையுங்கள். சென்னாக்குன்னிக் கீரையை அவர்கள் செய்துகாட்டட்டும். வெளியிலிருந்து வரும் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் மதிப்பூதியத்தை அவர்களுக்கும் கொடுங்கள்.

இரண்டு, ஏரிக்கரைக் கிராமங்களின் அங்கன்வாடிகளிலும் பள்ளிச் சமையலறைகளிலும் தலித், இருளர் பெண்களை நியமியுங்கள். எதிர்ப்பு வந்தால் சமையலரை இடம் மாற்றாதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 முதல் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

மூன்று, மீனவர் என்பது தொழிலின் பெயராக இருக்கட்டும். ஏரியில் இறங்கி மீனும் இறாலும் பிடிக்கிற ஆதிதிராவிடரும் இருளரும் மீன்வளத் துறைப் பதிவேட்டில் விடுபடக்கூடாது. பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் நிவாரணத்திலும் பெயர் இருக்காது.

நான்கு, பாடு பற்றிய பேச்சுவார்த்தையில் எல்லாக் கிராமங்களும் சமமாக உட்கார வேண்டும். பழைய வழக்கம் என்பது பதில் ஆகாது. பழைய வழக்கம் என்றால் எட்ட நின்று சோறு கொட்டுவதும் பழைய வழக்கம்தான்.

ஐந்து, மனைப் பட்டாவும் நல்ல தண்ணீர்க் குழாயும். இவை இரண்டும் வந்தால் முருங்கையும் கீரையும் தாமே வரும். விதைப் பொட்டலம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள யாரும் வரவேண்டியதில்லை.

ஒரு வீட்டில் சோறு மீந்தது என்றால் அன்று இரவு அந்த வீட்டில் எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஊட்டச்சத்தை அளக்க எத்தனையோ அட்டவணைகள் வைத்திருக்கிறோம். இந்தக் குடியிருப்புகளில் எத்தனை வீடுகளில், வாரத்தில் எத்தனை நாள், காலையில் பானையில் பழையது இருக்கிறது, அதில் அம்மாவுக்கும் பங்கு இருக்கிறதா என்று ஒரு கணக்கு எடுங்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த செப்டம்பர் கூட்டத்துக்கு வாருங்கள். அப்போது பேசுவோம்.